தொடையிலிருந்து வந்த சர்க்கரை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதறது. நானும் அம்மாவும் இங்க இருக்கோம். நீயும் மாப்பிள்ளையும் அங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லாம, வேளைக்குச் சாப்பிட்டு, ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக்காம இருக்கணும்னு தினமும் நினைச்சுக்கறோம். வழக்கமா இந்த இடத்துல எல்லாரும் சௌக்கியம்னு எழுதுவேன். இந்தத் தடவை எழுத மாட்டேன், அந்த ஒரு வார்த்தையை எழுதியும் சொல்லியும்தான் உன்கிட்ட இப்பப் பொய்யன்ங்கற பேரை வாங்கியிருக்கேன். நாலு நாளா நான் போன் பண்ணினா நீ எடுக்கல. அம்மா பண்ணினா எடுக்கற, ஆனா அப்பா எங்கேன்னு ஒரு வார்த்தை கேக்கலையாம். அதை என்கிட்ட சொல்றபோது உங்க அம்மா முகத்துல ஒரு சின்ன சந்தோஷம் வேற. சரி, கோபப்படு, உனக்கு அந்த உரிமை இருக்கு. ஆனா போன்ல நான் ரெண்டு வாக்கியம் பேசறதுக்குள்ள நீ பத்து கேள்வி கேட்டுடுவே, நான் தடுமாறி இன்னொரு பொய் சொல்லிடுவேன், அதனாலதான் உக்காந்து எழுதறேன். எழுதற இடம் ஆஸ்பத்திரி ரெண்டாவது மாடி, தாழ்வாரத்துல கடைசி நாற்காலி. காகிதம் நம்ம தையல் கடை ஆர்டர் புத்தகத்துலேர்ந்து கிழிச்சது, ஒவ்வொரு பக்கத்துலயும் தோள், மார்பு, இடுப்பு, உயரம்னு அச்சடிச்சிருக்கும், கண்டுக்காதே. அம்மா உள்ள போய் கொஞ்ச நேரம் ஆச்சு. எதுக்குப் போயிருக்கான்னு வரிசையாத்தான் சொல்லணும், முதல்லயே சொன்னா நீ மத்ததைப் படிக்க மாட்டே.

ஒப்புக்க வேண்டியதை முதல்ல ஒப்புக்கறேன். டாக்டரம்மா ரெண்டு மாசம் லீவுல போகல. அம்மாவுக்குக் குடல்ல இருந்த கட்டியை எடுத்து, வயித்துல ஒரு பையை மாட்டி அனுப்பினாங்களே, மூணு மாசம் கழிச்சு குடலைத் திரும்பச் சேத்து வச்சுப் பையை எடுத்துடலாம்னு சொன்னாங்களே, அந்த ரெண்டாவது ஆபரேஷன் தள்ளிப்போனது அம்மா உடம்புல தெம்பு இல்லாததால. இந்த உடம்புல நான் கத்தி வைக்க மாட்டேன்னு டாக்டரம்மா நேரடியா சொல்லிட்டாங்க. லீவுன்னு சொன்னது நான். எந்த டாக்டர் ரெண்டு மாசம் லீவு போடுவாங்கன்னு நீயும் யோசிக்கல, அத்தனை படிச்சிருக்கே. உன் மாமாதான் போட்டு உடைச்சார்னு தெரியும். அவர் வாயில ஒரு விஷயம் ரெண்டு மாசம் தங்கினதே பெரிய ஆச்சரியம், பல்லு வலியா இருந்திருக்கும். ஆனா இந்தக் கதையில தன்னோட பங்கு என்னன்னு மச்சான் சொல்லியிருக்க மாட்டார். உன்னோட பங்கு என்னன்னு உனக்கே தெரியாது. என்னோட பங்குதான் பெரிசு, அதையும் மறைக்காம எழுதறேன்.

நம்ம குடும்பத்துக்கு டாக்டர் சொல்றதைக் கேக்கற பழக்கமே கிடையாது, சொன்னதுல நமக்குப் பிடிச்ச பாதியைக் கேக்கற பழக்கம்தான் உண்டு. முதல் ஆபரேஷன் அன்னிக்குக் காலையில நர்ஸ் ஒரு குப்பியில இனிப்புத் தண்ணி கொண்டுவந்து, ஆபரேஷனுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி இதைக் குடிச்சுடணும், ரொம்ப நேரம் பட்டினி கிடந்த உடம்பு அப்புறம் சர்க்கரையைக் கையாளத் தெரியாம முரண்டு பிடிக்கும்னு தெளிவாத்தான் சொல்லிட்டுப் போனாங்க. உன் மாமா விடுவாரா. ஆபரேஷன்னா வெறும் வயிறு, இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும், இந்த நர்ஸ் வேலைக்குப் புதுசு போலிருக்குன்னு சொல்லி, குப்பியை எடுத்து ஜன்னலோரம் இருந்த பூந்தொட்டியில ஊத்தினார். நான் என்ன பண்ணினேன்னு கேளு. யாராவது வர்றாங்களான்னு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டேன். நர்ஸ் வந்து குடிச்சாச்சான்னு கேட்டப்ப மூணு பேரும் ஒரே நேரத்துல தலையாட்டினோம். அந்த அறையில ஆபரேஷனுக்கு ஒழுங்காத் தயாராகியிருந்தது அந்தச் செடி மட்டும்தான்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, கட்டி முழுசா வந்துடுச்சு, அதுல பொய் எதுவும் இல்ல. ஆனா மறுநாள் சர்க்கரை இருநூத்திப் பத்து. அதுக்கு முன்னாடி ஒரு டாக்டரும் உங்க அம்மாகிட்ட சர்க்கரைங்கற பேச்சை எடுத்ததில்ல. பயப்படாதீங்க, பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் இது சகஜம், உடம்பு அடி வாங்கிப் பதறிப் போயிருக்கு, அதனால இன்சுலின் பேச்சைக் கேக்க மாட்டேங்குது, கொஞ்ச நாள் ஊசி போட்டா அடங்கிடும்னாங்க டாக்டரம்மா. புண்ணுல சீழ் வச்சதால இன்னும் பத்து நாள் கூட இருக்க வேண்டியதாச்சு. அப்புறம் சர்க்கரை கொஞ்சம் இறங்கினதும் ஊசியை நிறுத்தி, மறுபடி ஏறினா வந்து சொல்லுங்கன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பினாங்க. கிளம்பறபோது நர்ஸ் என்னை உக்கார வச்சு ரெண்டு விஷயம் சொன்னாங்க. தினம் காலையில சர்க்கரை பாருங்க, ஒரு வேளை விடாம நல்லா சாப்பிட வைங்க, முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாம் வழக்கத்தை விடக் கூடவே குடுங்க, நடக்க வைங்கன்னு. முதல் விஷயம் நல்லாக் காதுல விழுந்தது. ரெண்டாவது விஷயம் சொல்றபோது நான் மருந்துப் பையைத் தூக்கிக்கிட்டு லிப்ட் வந்துடுச்சான்னு எட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த மூணாம் நாள் உன் பார்சல் வந்தது. சர்க்கரை பாக்கற மிஷின், ஒரு டப்பா ஊசி, கூடவே நீ போட்டு அனுப்பின அட்டவணை. நூத்துக்குக் கீழ பச்சை, மேல மஞ்சள், நூத்தி முப்பதைத் தாண்டினா சிவப்பு. ஆபீஸ்ல எந்தச் சரக்குப் பெட்டி எந்த ஊர்ல நிக்குதுன்னு திரையில பாத்துப் பாத்து உனக்குப் பழகிப்போச்சு, அம்மாவையும் அப்படியே பாக்க ஆரம்பிச்சுட்டே. உன்னைக் குத்தம் சொல்லல கண்ணு, அவ்வளவு தூரத்துலேர்ந்து வேற எதைத்தான் பிடிச்சுக்குவே. ஆனா இங்க நடந்ததைக் கேளு. காலையில தொண்ணூத்தாறுன்னு அனுப்பினா நீ கைதட்டற படம் போடுவே. அன்னிக்கு முழுக்க எங்க ரெண்டு பேருக்கும் பரீட்சையில முதல் மார்க் வாங்கின மாதிரி இருக்கும். நூத்தி முப்பத்திரண்டுன்னு அனுப்பினா ஒண்ணும் எழுதாம ஒரு கேள்விக்குறி மட்டும் போடுவே. அந்த ஒத்தைக் கேள்விக்குறிக்கு எங்க வீட்டுல ஒரு வேளைச் சாப்பாடு காலி. ஏறினா வந்து சொல்லுங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னது ஞாபகம் இருந்தது, ஆனா போனா மறுபடி ஊசி போடுவாங்களே. இன்சுலின் ஒரு தடவை பிடிச்சா சாகற வரைக்கும் விடாதுன்னு உன் மாமா சத்தியம் பண்ணாத குறையா சொல்லிட்டார். அவருக்கு யார் சொன்னாங்கன்னா, போன்ல ஒரு வீடியோ.

அந்த வீடியோக்களைப் பத்தித் தனியா ஒரு கடிதமே எழுதலாம். முதல் வாரம் முட்டை மஞ்சக்கருவைத் தடை பண்ணினார், ரெண்டாவது வாரம் வெள்ளையையும் சேத்து. பால் குடிச்சா புண் ஆறாதுன்னு ஒரு வீடியோ, பருப்பு வாயுன்னு இன்னொண்ணு, மீன்ல என்னவோ உலோகம் இருக்காம். கடைசியில உங்க அம்மா தட்டுல வெள்ளரிக்காயும் ரெண்டு வாய் சோறும் மிஞ்சினது. அந்த வாரம் வெள்ளரிக்காய்க்கு எதிரா யாரும் வீடியோ போடல, அதனால அது பிழைச்சுது. நடக்க வேண்டாம், அசைஞ்சா தையல் விட்டுடும், படுத்தே இருக்கணும்னும் ஒரு உத்தரவு. முப்பத்தஞ்சு வருஷமா துணி தைக்கறவன்கிட்ட வந்து தையல் எப்ப விடும்னு பாடம் எடுத்தார், நானும் வாயைப் பொத்திக்கிட்டுக் கேட்டுக்கிட்டேன். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, ராத்திரி சாப்பாட்டை முழுசா விட்ட மறுநாளும் சில சமயம் காலையில சர்க்கரை ஏறித்தான் இருக்கும். சாப்பிடாமலே ஏறுதே, சாப்பிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு பேசிக்கிட்டு மத்தியானச் சோத்துலயும் ஒரு கரண்டியைக் குறைச்சோம். மூணு பேரும் சேந்து பண்ணின முடிவு. எதிர்த்து ஓட்டு ஒண்ணுகூட விழல, அம்மாவும் எதிர்க்கல. அவ ஏன் எதிர்க்கலைன்னு அப்பவே நான் யோசிச்சிருக்கணும், பின்னாடி வருது அது.

இப்ப என் பங்கு. வீட்டுக்கு வந்த ரெண்டாவது வாரம் அம்மாவோட நீலச் சட்டை தோள்ல நழுவிச்சு. கடைக்கு எடுத்துட்டுப் போய் ரெண்டு பக்கமும் அரை அங்குலம் பிடிச்சுத் தைச்சுக் கொண்டுவந்து குடுத்தேன். கச்சிதமா உக்காந்தது. அடுத்த வாரம் மத்த சட்டைகள், அதுக்கடுத்த வாரம் பாவாடை இடுப்பு, மறுபடி நீலச் சட்டை. வாரா வாரம் டேப் வச்சு அளவு எடுப்பேன், பழைய பழக்கம், தேதி போட்டு ஆர்டர் புத்தகத்துல குறிச்சுக்குவேன், தைச்சு மாட்டி விடுவேன். எதிர்வீட்டு டீச்சர் வந்து பாத்துட்டு, ஆபரேஷன் ஆனவங்க மாதிரியே தெரியல, என்ன பொருத்தமா உடுத்தியிருக்காங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்குத் தலைகால் புரியல. நீயும் வீடியோ கால்ல, அம்மா ஸ்லிம்மாயிட்டே, கலியாணப் பொண்ணு மாதிரி இருக்கேன்னு சொன்னே, ஞாபகம் இருக்கா. இல்லைன்னாலும் பரவாயில்ல, அம்மாவுக்கு இருக்கு. தொளதொளன்னு ஒரு சட்டையில அவளை நீ ஒரு தடவை பாத்திருந்தா அடுத்த விமானத்துல ஏறியிருப்பே. நான்தான் பாக்க விடல. நம்ம கடையில பட்டன் தைக்கற அக்கா ஒருத்திதான் வாயைத் திறந்தா. அண்ணே, அந்த நீலச் சட்டையை இன்னொரு தடவை பிடிச்சீங்கன்னா அப்புறம் அதுல தலையணை உறைதான் தைக்க முடியும்னா. எனக்கு வந்த கோபத்தைப் பாக்கணுமே. உன் வேலை பட்டன், பட்டனைப் பாருன்னுட்டேன். ரெண்டு நாள் என்கூடப் பேசல அவ.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் அம்மா குளியலறை முக்காலியில உக்காந்தவ எழுந்திரிக்கல. கூப்பிட்டா, போனேன். கால்ல வலியான்னா வலி இல்ல, மயக்கமான்னா மயக்கம் இல்ல, எழுந்திரிக்க வரலைங்கன்னா. தூக்கினேன். இத்தனை வருஷத்துல அவளை நான் தூக்கினது எத்தனை தடவைன்னு விரல் விட்டு எண்ணிடலாம், தூக்கறதுக்கு முன்னாடி மூச்சைப் பிடிச்சுக்கணும்னு தெரியும். மூச்சைப் பிடிச்சேன், அதுக்கு வேலையே இல்லாமப் போச்சு. உன்கிட்ட அன்னிக்கும் சௌக்கியம்னுதான் சொன்னேன், சர்க்கரை தொண்ணூத்திநாலுன்னு சொன்னேன், நீ ரெண்டு கைதட்டல் போட்டே.

மறுவாரம் டாக்டரம்மாகிட்ட போற தேதி. ரெண்டாவது ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போறாங்கன்னு நான் புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போனேன், உன் அட்டவணையைப் பெரிசா அச்சடிச்சுக் கையில வச்சுக்கிட்டேன். அவங்க அட்டவணையைத் தொடவே இல்ல. கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியில அம்மாவை உக்கார வச்சு, கையை மார்புல கட்டிக்கிட்டு, எதையும் பிடிக்காம அஞ்சு தடவை எழுந்து உக்காருங்கன்னாங்க. அம்மா ஒரு தடவைகூட எழுந்திரிக்கல. முன்னாடி சாய்வா, மறுபடி பின்னாடி போவா. அவ நெத்தியில வேர்வை. எனக்கு அட்டவணையை எங்க வைக்கறதுன்னு தெரியல. நீட்டினேன். எழுபது நாள் சர்க்கரைக் கணக்கு டாக்டர், பெரும்பாலும் பச்சை, பொண்ணு வெளியூர்லேர்ந்து பாத்துக்கறான்னு சொன்னேன். அவங்க முழுசாப் படிச்சாங்க, மேலேர்ந்து கீழ வரைக்கும். என்ன சாப்பிடறாங்கன்னு கேட்டாங்க, சொன்னேன். சாப்பிடாத நாள்லயும் காலையில ஏறியிருக்கே, அது எங்கேர்ந்து வந்ததுன்னு நினைக்கறீங்கன்னாங்க. அப்ப அவங்க சொன்னதை வார்த்தை மாறாம எழுதறேன். “அந்தச் சர்க்கரை தட்டுலேர்ந்து வரலைங்க, தொடையிலேர்ந்து வந்தது. நீங்க சோறு போடல, அதனால உடம்பு தன் தசையையே கரைச்சு சர்க்கரையாக்கிச் சாப்பிட்டிருக்கு.”

அதோட விடல. சட்டை ரொம்பப் பொருத்தமா இருக்கே, புதுசான்னு அம்மாகிட்ட கேட்டாங்க. இல்ல டாக்டர், பழசுதான், நான் வாரா வாரம் பிடிச்சுத் தைச்சுடுவேன்னு நான் முந்திக்கிட்டேன். இந்தப் புத்தியை என்னன்னு சொல்றது, அந்த நிமிஷத்துலயும் பாராட்டுவாங்கன்னு எதிர்பாத்தேன். எத்தனை தடவைன்னாங்க. ஏழுன்னேன். அளவு ஞாபகம் இருக்கான்னாங்க. பையில ஆர்டர் புத்தகம் இருந்தது, எடுத்துக் குடுத்தேன். ஒவ்வொரு தேதியாப் பாத்து அம்மாவோட பைலுல எழுதிக்கிட்டாங்க. மேல் கை சுத்தளவு, இடுப்பு, தோள், வாரா வாரம் கால் அங்குலம், அரை அங்குலம். உன் அட்டவணையை எனக்கே திருப்பிக் குடுத்துட்டு ஆர்டர் புத்தகத்தை மட்டும் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டாங்க. டேப்பைப் பிடிச்சது என் கை, எழுதினது என் கை, ஒரு பக்கம் திருப்பிப் பின்னாடி பாத்திருந்தா போதும். வாடிக்கையாளர் யாராவது ரெண்டு மாசத்துல இப்படி இளைச்சு வந்து நின்னா, என்னங்க உடம்புக்குன்னு முதல் கேள்வியே நான்தான் கேப்பேன்.

உனக்குப் புரியணும்னு அவங்க விளக்கினதையும் சொல்லிடறேன். அடிபட்ட உடம்புக்குச் சோறு குடுக்கணும், அந்தச் சோறு வேலை செய்யலைன்னா இன்சுலினைக் கொஞ்சம் குடுத்து வேலை செய்ய வைக்கணும், சோத்தைப் பிடுங்கக் கூடாது. சர்க்கரையைச் செலவழிக்கற இடமே தசைதான், தசை கரைஞ்சா சர்க்கரை போக வழி இல்லாம இன்னும் முரண்டு பிடிக்கும். நாங்க சர்க்கரையைக் குறைக்கறோம்னு நினைச்சு அது தங்கற வீட்டையே இடிச்சுக்கிட்டிருந்தோம். அப்புறம் சாப்பாட்டு ஆலோசனை சொல்ற பொண்ணு ஒருத்தி, உன் வயசு இருக்கும், தனி அறையில உக்கார வச்சு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காதுன்னு ஒவ்வொண்ணா அம்மாவைக் கேட்டா. நான் பதில் சொன்னேன். நீங்க இல்ல, அவங்கன்னா. சர்க்கரை ஏறும்னு சாப்பிடறதில்லைன்னு அம்மா ஆரம்பிச்சா. அந்தப் பொண்ணு பேனாவைக் கீழ வச்சுட்டு நாற்காலியை அவ பக்கம் திருப்பினா. அப்புறம் உங்க அம்மா என்னைப் பாக்காம அந்தப் பொண்ணைப் பாத்துச் சொன்னா. “சாப்பிட்டா பை நிறையுதும்மா. நிறைஞ்சா இவர்தான் காலி பண்றார். அப்ப இவர் முகத்தை என்னால பாக்க முடியல.”

நான் முகம் சுளிச்சேனான்னு எனக்குத் தெரியாது கண்ணு. சத்தியமாத் தெரியாது. வேலையைப் பொறுப்பா செய்யறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். உன் சிவப்பும் பச்சையும், மாமாவோட வீடியோவும் அவளுக்கு நல்ல சாக்காப் போச்சு, யார் எதை வேண்டாம்னாலும் சரின்னு தட்டைத் தள்ளி வச்சா. ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தோம்னு நினைச்சேன், நாலு பேரும் ஒரே பக்கம்தான் இழுத்திருக்கோம். அன்னிக்கு பஸ்ல வர்றபோது நானும் அவகிட்ட ஒண்ணை ஒப்புக்கிட்டேன், உனக்கும் சொல்லிடறேன். நான் சட்டையைப் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சது அவ அழகா இருக்கணும்னு இல்ல. துணி அவ மேல தொங்கறதைப் பாக்க எனக்குப் பயமா இருந்தது. தைச்சுட்டா ஒரு வாரத்துக்குப் பயம் தெரியாது. அவ்வளவுதான். அவ கேட்டுட்டு, கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே எனக்கும் பயமா இருக்குன்னு, நீங்கதான் என்னைக் கேக்கவே இல்லையேன்னா. பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைப் பாத்துத் திரும்பிக்கிட்டார்.

அந்த நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ரெண்டு மாசம். இன்சுலின் மறுபடி ஆரம்பிச்சாங்க, சின்ன அளவு. இத்தனை வருஷம் ஊசியோட குடும்பம் நடத்தினவன், அந்தத் துளியூண்டு ஊசியைக் கையில வச்சுக்கிட்டு வேர்த்துக் கொட்டினேன். அம்மா பிடுங்கி அவளே போட்டுக்கிட்டா. அஞ்சாவது வாரம் அளவைக் குறைச்சாங்க, ஏழாவது வாரம் நிறுத்தியாச்சு, சாகற வரைக்கும் விடாதுன்னு சொன்ன வீடியோவை உன் மாமாவும் அழிச்சுட்டார். இப்ப அவர் புரதக் கட்சிக்கு மாறியாச்சு. காலையில முட்டையோட வந்து நிக்கறார், அம்மா சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் போக மாட்டேங்கறார், முட்டையை அவர்தான் கண்டுபிடிச்ச மாதிரி பேசறார். ஒவ்வொரு வேளையிலயும் மீனோ முட்டையோ பருப்போ தயிரோ ஏதாவது ஒண்ணு இருந்தே ஆகணும், கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை, சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடை. பையை இப்பப் பாதி நேரம் அவளே காலி பண்ணிக்கறா. என் முறை வர்றதுக்கு முன்னாடி, சிரிக்காதே, கடையில சட்டை போட்டுப் பாக்கற கண்ணாடி முன்னாடி நின்னு முகத்தைச் சாதாரணமா வச்சுக்கப் பழகினேன். பட்டன் அக்கா பாத்துட்டா. அண்ணே, அது ஒண்ணும் சரியா வரல, அதைவிட நீங்க பாட்டுக்குக் கடைக் கதை பேசிக்கிட்டே செய்யுங்கன்னா. இப்ப அப்படித்தான், எந்த வாடிக்கையாளர் தொப்பையை உள்ள இழுத்துக்கிட்டு அளவு குடுத்தார்னு சொல்லிக்கிட்டே செய்யறேன், அவ சிரிக்கறதுல வேலை முடிஞ்சுடுது.

கையைக் கட்டிக்கிட்டு நாற்காலியிலேர்ந்து அஞ்சு தடவை எழுந்தாத்தான் ஆபரேஷனுக்குத் தேதின்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அந்த நாற்காலிப் பயிற்சியும் கடையிலதான். வீட்டுல சொன்னா அப்புறம் ஆகட்டும்பா. அதனால மத்தியானம் கடைக்குக் கூட்டிட்டுப் போய் வாசல் பக்கம் உக்கார வச்சு, யார் உள்ள வந்தாலும் கையை ஊனாம எழுந்து நின்னு வாங்கன்னு சொல்லணும்னு ஏற்பாடு. முதல் வாரம் பட்டன் அக்கா முதுகுக்குப் பின்னாடி கையைக் குடுத்துக்கிட்டு நின்னா. இப்ப வேண்டாம். நம்ம கடையில திடீர்னு மரியாதை கூடிப்போச்சுன்னு தெருவுல பேச்சு. ஒருத்தர் ரெண்டு தடவை வேணும்னே வெளிய போய்ட்டு உள்ள வந்தார்.

போன மாசம் நடுவுல ஒரு தடவை இங்க சோதிச்சாங்க, மூணு வந்தது. அன்னிக்கு நானும் உள்ள இருந்தேன். அம்மா எழுந்திரிக்கறபோதெல்லாம் நானும் என் நாற்காலியிலேர்ந்து எழுந்து எழுந்து நின்னேனாம், எனக்கே தெரியாது, டாக்டரம்மா சிரிச்சு முடிச்சுட்டு, அடுத்த தடவை நீங்க தாழ்வாரத்துல உக்காருங்கன்னுட்டாங்க. அதான் இங்க இருக்கேன். முந்தாநாள் வீட்டுல நாலு வந்தது, அஞ்சாவதுக்கு மேஜையைப் பிடிச்சுட்டா. இன்னிக்கு அஞ்சும் வரணும். வந்தாத்தான் தேதி, இல்லாட்டி அந்தப் பை இன்னும் எத்தனை நாள்னு கேக்க எனக்குத் தைரியம் இல்ல.

நீ செய்ய வேண்டியது ரெண்டே ரெண்டு. காலையில போன் பண்ணினா நம்பர் என்னன்னு கேக்காதே, என்ன சாப்பிட்டேன்னு கேளு, அவ சொல்லி முடிக்கற வரைக்கும் குறுக்க பேசாதே. நம்பரை ஆஸ்பத்திரியில பாத்துக்கறாங்க. ரெண்டாவது, அப்பாகிட்ட பேசு. திட்டணும்னாலும் பேசித் திட்டு. இனிமே உன்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன்னு எழுதினா நீ நம்ப மாட்டே, மறைக்கறபோது இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டு. நீயும் வேளைக்குச் சாப்பிடு, திரையைப் பாத்துக்கிட்டே ரொட்டியைக் கடிக்கறதெல்லாம் சாப்பாடு இல்ல. மாப்பிள்ளைக்கும் சொல்லு. நீங்க ரெண்டு பேரும் குறை இல்லாம, நீண்ட ஆயுசோட, நிம்மதியா இருக்கணும், எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதம் எப்பவும் உண்டு. கதவு திறக்குது, இரு.

நின்னுக்கிட்டே எழுதறேன், எழுத்தைத் திட்டாதே. அஞ்சு வந்துடுச்சு. அஞ்சும் கையைக் கட்டிக்கிட்டேதான், நர்ஸ் சொன்னாங்க, கடைசியில கொஞ்சம் நின்னு மூச்சு வாங்கிட்டு எழுந்தாளாம். அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி ஆபரேஷன், இந்தத் தடவை குடிக்கச் சொல்றதைக் குடிக்கறோம்னு டாக்டரம்மாகிட்ட நானே பூந்தொட்டிக் கதையைச் சொல்லிட்டேன். அம்மா யார் கையையும் பிடிக்காம வெளிய நடந்து வந்து என் முன்னாடி நின்னா. நான் உக்காருன்னேன். அவ உக்காரல. “எனக்குப் பசிக்குது”ன்னா. இந்த அஞ்சு மாசமா கெஞ்சினேன், திட்டினேன், ஊட்டக்கூட ஊட்டினேன், அவ வாயால பசிக்குதுன்னு கேட்டது இன்னிக்குத்தான். இன்னும் ரெண்டு வரி எழுதலாம்னு பாத்தா எழுதினது போதும் வாங்கன்னு நிக்கறா. நான் போறேன் கண்ணு.

உன் அப்பா